நல்ல பூசணம்

இல்லம்மா, இது மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா இந்த பஸ்ஸு குலுங்குற குலுங்கல்ல எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கிடும். எண்ணெய் ஒதுங்குன எடத்துல காத்து படும், காத்து பட்டா பூசணம் பூத்துடும். நார்த்தங்கா ஊறுகா. திருப்பூர்ல எங்க வீட்டுக்காரரு இருக்காரு, அவருக்குக் கொண்டு போறேன். நீ திருச்சியில ஏறுன, நான் மாயவரத்துலேருந்தே இப்படித்தான் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். கை கடுக்கத்தான் செய்யுது. கடுத்தா கடுக்கட்டும்.

நீ எங்க எறங்கணும்? காங்கேயமா? அப்ப நமக்கு நெறைய நேரம் இருக்கு. சும்மா உக்காந்துக்கிட்டு வந்தா எனக்குத் தலை சுத்தும், பேசிக்கிட்டு வந்தா சுத்தாது. நீ காதுல அந்த வயரை மாட்டிக்காம இருந்தா சரி.

என் பேரு ஞானாம்பா. சீர்காழிக்குக் கிழக்க எங்க ஊரு. எங்க பக்கத்துல கல்யாணம் காட்சின்னா பந்திக்கு ஊறுகா எங்க வீட்லேருந்துதான் போவும். இத்தனை வருசத்துல ஒரு ஜாடி, ஒரே ஒரு ஜாடி பூசணம் பூத்துச்சுன்னு எவளும் சொன்னதில்ல. அது சும்மா வராதும்மா. கை சுத்தமா இருக்கணும், கரண்டியில ஈரம் இருக்கக்கூடாது, கண்ணு எப்பவும் ஜாடி மேலயே இருக்கணும். வெள்ளையா ஒரு நூல் தெரிஞ்சா போதும், எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். இதை எதுக்குச் சொல்றேன்னா, இப்படிப்பட்ட என் குடும்பம் கடைசியில பூசணத்தாலதான் கெட்டுப்போச்சு. சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்.

எங்க நெலம் பிரிக்காத நெலம். இவரும் இவங்க அண்ணனும் ஒண்ணாத்தான் வச்சிருந்தாங்க. அண்ணன்னா என் மூத்தாரு. அவருக்கு டவுன்ல கடை. சேத்துல எறங்கி வேலை பாக்குறதெல்லாம் இவருதான். மூத்தாரு எப்பவாச்சும் வந்து வரப்புல நிப்பாரு, அவ்வளவுதான். ஆனா சொல்லு அவருது. முந்தின வருசம் சம்பாவுல பாதி நாத்து செத்துப்போச்சு. வெதைக்குள்ளயே இருக்குற சீக்காம் அது. நெல்லைப் பாத்தா ஒண்ணும் தெரியாது, முத்து முத்தா நல்லாத்தான் இருக்கும், வெதைச்ச பொறவுதான் குணத்தைக் காட்டும். எப்பவும் போல கடை மருந்தைக் கலந்துதான் வெதைச்சாரு. அப்படியும் செத்துப்போச்சு. அந்த மருந்தைக் கலந்து கலந்து இவரு உள்ளங்கையெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கும். கொழம்பு பட்டா எரியுதும்பாரு. சாப்பிட நான்தான் கரண்டி போட்டுக் கொடுப்பேன்.

அறுப்பு முடிஞ்சதும் மூத்தாரு சொல்லிட்டாரு. இன்னும் ஒரு சம்பா பாப்பேன், அதுவும் இப்படிப் போச்சுன்னா நெலத்தை எறால் குட்டைக்கு வுட்டுடுவேன்னு. உனக்குத் தெரியுமோ என்னமோ, எறால் குட்டை வெட்டுன நெலத்துல பொறவு நெல்லு வராது. உப்பு ஏறிடும். போனா போனதுதான். இவருக்கு அன்னிலேருந்து சோறு தண்ணி ஒழுங்கா எறங்கல. நெலத்தை வுட்டா இவருக்கு ஒரு வேலையும் தெரியாது, தெரிஞ்சாலும் மனசு போவாது.

அந்த நேரத்துலதான் எங்க பக்கத்து விவசாய ஆபீசுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு. நல்ல பொண்ணுதான், நான் கொறை சொல்லமாட்டேன். ஊர்க் கூட்டத்துல ஒரு பொடியைக் காட்டி, இது பூஞ்சாணம், ஆனா நல்ல பூஞ்சாணம், வெதையில தடவி வச்சா வளந்து வேரைச் சுத்திக்கிட்டு, உள்ள இருக்குற கெட்ட பூஞ்சாணத்தைத் தின்னுடும்னு சொல்லியிருக்கு. இவரு வீட்டுக்கு வந்து அதை என்கிட்ட சொன்னப்ப அந்த மொகத்துல ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அப்படி ஒரு மொகத்தைப் பாக்கல. அது உசுரு உள்ள மருந்து ஞானம், விஷம் இல்ல, கையில அள்ளுனாக்கூட ஒண்ணும் ஆவாதுன்னாரு.

பூசணத்தையா வெதையில தடவப் போறீங்கன்னு கேட்டேன். ஆமான்னாரு. நல்ல பூசணம்னு ஒண்ணு இருக்காம்மா? நீயே சொல்லு. நல்ல கரையான்னு உண்டா, நல்ல கறைன்னு உண்டா? ஆனா சந்தோசமா இருக்குற மனுசனை எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்.

மூத்தாருக்கு அதுல நம்பிக்கை இல்ல. கடை மருந்தையும் சேத்துக் கலந்துடுன்னாரு. கூடவே கூடாது, மருந்து பட்டா நல்ல பூசணமும் செத்துடும்னு இவரு மல்லுக்கு நின்னாரு. அண்ணன் முன்னாடி இவரு கொரலை ஒசத்திப் பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். கடைசியில மூத்தாரு, சரி, உன் இஷ்டம், ஆனா நான் சொன்னது சொன்னதுதான்னுட்டுப் போயிட்டாரு. எங்க அடுத்த வீட்டு ராஜகண்ணு இருக்காரே, இவரோட சிநேகிதரு, அவரும் எங்ககிட்டயே வெதை வாங்கிக்கிட்டு, அந்தப் பொடிப் பாக்கெட்டுலயும் பாதியை வாங்கிட்டுப் போனாரு.

ராஜகண்ணு பொண்டாட்டி அமிர்தவல்லியைப் பத்தி உனக்குச் சொல்லணும். மனசு நல்ல மனசுதான், ஆனா சுத்தம்னா என்னன்னு தெரியாது. அவ வீட்டு ஊறுகா ஜாடியைத் தொறந்தா மேல தாடி மொளைச்சிருக்கும். அதை ஒரு ஓரமா ஒதுக்கிட்டு அடியிலேருந்து எடுத்துக்க அக்கான்னு சொல்வா. அவ கையால காப்பி வாங்கிக் குடிக்கவே நான் யோசிப்பேன். அவளை ஞாபகம் வச்சுக்க, பொறவு வருவா.

எங்க வுட்டேன்? ஆங், வெதை. வெதையை ஊறவச்சு வடிச்சு, ஆறுன கஞ்சியில அந்தப் பொடியைக் கரைச்சு, ஒரு நெல்லு வுடாமப் பிசிறுனாரு. ரொம்பப் பக்குவமாத்தான் செஞ்சாரு, அதைச் சொல்லணும். மாங்காயில நான் மொளகாப்பொடி பிசிறுவேன் பாரு, அந்த மாதிரி. அப்பறம் புதுச் சாக்குல கட்டி, வெயில் படாத பின்கட்டு ரூம்புல மொளைக்கப் போட்டாரு. அது பாட்டுக்குக் கெடக்கட்டும் ஞானம்னு சொல்லிட்டு, நாத்தங்கால் சமன் பண்ணப் போயிட்டாரு. வாய்க்கால்ல அப்பத்தான் தண்ணி வந்திருந்துச்சு, ஆளு கெடைக்கிறப்பவே வேலையை முடிச்சாவணும்.

அது பாட்டுக்குக் கெடக்கட்டுமாம். ஊறுகா ஜாடியையும் அப்படித்தான் சொல்வாரு. அடுத்த நாளும் அவரு வயலுக்குப் போன பொறவு நான் பின்கட்டைக் கூட்டப் போனேன். ஒரு வாடை. எனக்குத் தெரியாத வாடையா அது? சாக்கு வாயை அவுத்துப் பாத்தா, வெதை மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா நூல் ஓடியிருக்கு. அங்கங்க பச்சை வேற. கஞ்சியை ஊத்திக் கட்டி வச்சா பூக்காம என்ன செய்யும்? ஒரு வருசப் பயிரு, அண்ணன் தம்பி ஒறவு, இவரோட மானம், எல்லாம் அந்தச் சாக்குக்குள்ள இருக்கு, அது பூத்துப்போய்க் கெடக்கு.

வேற ஒருத்தியா இருந்தா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நான் புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு எறங்கிட்டேன். சாக்கை அடிபம்புக்கு இழுத்துக்கிட்டு வந்து, வெதையை அண்டாவுல கொட்டி, மஞ்சத்தூள் கரைச்ச தண்ணியில மூணு தண்ணி கழுவுனேன். மொளை ஒடையக்கூடாதுல்ல, பச்சைப்புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி அலசி அலசி எடுத்தேன். மொதத் தண்ணி பச்சையா வந்துச்சு. கடைசித் தண்ணி கண்ணாடியாட்டம் தெளிஞ்சு வந்துச்சு பாரு, அப்பத்தான் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. பொறவு வாசல் வெயில்ல செத்த நேரம் பரப்பி ஈரத்தை வாங்கிட்டு, பழையபடி சாக்குல கட்டிட்டேன்.

என்னம்மா அப்படிப் பாக்குற? ஆமா, முழுசையும் கழுவிட்டேன், ஒத்தை ஆளா. கை மஞ்சளு போக எத்தனை நாளு ஆச்சுங்குற.

அப்பறம் ஒண்ணு தோணுச்சு. பொடியைக் காணும்னா இவரு மனசு ஒடைஞ்சிடும். ஆசை ஆசையாச் செஞ்சதாச்சே. மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு டப்பா நெறைய வீட்ல இருந்துச்சு. அதை எடுத்து வெதை மேல தூவிப் பிசிறிவுட்டேன். அதைவிட ஒரு காப்பு வேற என்ன இருக்கு? பொழுது சாய இவரு வந்து சாக்கைத் தொறந்து ஒரு பிடி அள்ளிப் பாத்தாரு. பொடி நல்லாப் பிடிச்சிருக்கு ஞானம்னு சொல்லி என்னைப் பாத்துச் சிரிச்சாரு. எனக்கு அவ்வளவு சந்தோசம். புருசனுக்குத் தெரியாம என்னென்னமோ செய்யிற பொம்பளைங்க இருக்காளுவ. நான் புருசனுக்குத் தெரியாம நல்லது செஞ்சேன்.

கரூர் வந்துடுச்சா? டீ குடிக்கிறதுன்னா குடிச்சுட்டு வா, பஸ்ஸு நிக்கும். எனக்கு வேணாம், ஜாடியை வச்சுட்டு எறங்க மாட்டேன்.

வந்துட்டியா? ம். வெதைச்சாச்சு, நாத்தும் வந்துச்சு. நான் வயலுக்கு அதிகம் போறவ இல்ல, எனக்கு அடுப்படியும் ஜாடியுந்தான். ஆனா இந்தத் தடவை என் கை பட்ட வெதையாச்சே. இவருக்குக் கஞ்சி கொடுக்குற மாதிரி ஒரு நாளு போய்ப் பாத்தேன். பாத்தா என் கண்ணே பட்டுடும் போல இருக்கு. அடுத்த வரப்புக்கு அந்தண்ட ராஜகண்ணு நாத்து, குட்டையா, ஒரே மட்டமா நிக்குது. எங்களுதுல அங்கங்க ஒரு சாண் ஒசந்து நெடுநெடுன்னு நிக்குது. நான் வரப்புலயே நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். தாயே, கண்ணைத் தொறந்துட்டியேன்னு வாய்விட்டுச் சொன்னேன்.

இவரு நாத்தங்கால் ஓரமா குந்தி உக்காந்திருந்தாரு. ஒசந்து நின்ன நாத்து ஒண்ணைப் புடுங்கிக் கையில வச்சிருந்தாரு. அது வெளிறிப்போயி, வேருக்கு மேல கணுவுலயும் வேர் வுட்டிருந்துச்சு. என்னை நிமிந்து பாக்கல.

"ஒசந்து நிக்கிறதுதான் ஞானம் சீக்கு"ன்னாரு.

நான் அதை நம்பல. போறவ வர்றவ கண்ணு பட்டுப்போச்சுன்னு நெனைச்சேன். அன்னிக்கே உப்பு மொளகா சுத்திப் போட்டேன், எலுமிச்சம்பழம் அறுத்து நாத்தங்கால் நாலு மூலையிலயும் வச்சேன். எதுக்கும் மசியல. ஒசந்த நாத்தெல்லாம் வெளுத்து வெளுத்துப் படுத்துடுச்சு. மிச்சத்தைப் பறிச்சு நட்டாரு, நடவு வயல்லயும் அதே கதைதான். தப்பிச்சு நின்னதுலயும் பாதி சாவி. கதிரைக் கையில உருவுனா பதருதான் உதிருது.

மூத்தாரு திட்டல. திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். வரப்புல வந்து நின்னாரு, பாத்தாரு, "உன்னை நம்பினேன் குஞ்சிதம்"னு சொல்லிட்டு நடந்துட்டாரு. குஞ்சிதபாதம்னு இவரு பேரு. நான் சொல்லக்கூடாது, மூத்தாரு சொன்னதைச் சொல்றேன். நீ போயி எங்க வீட்டுக்காரர் பேரை நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத.

அந்த ஆபீசர் பொண்ணு வந்து ராஜகண்ணு வயலையும் பாத்துச்சு, எங்க வயலையும் பாத்துச்சு. ஒரே வெதை, ஒரே பாக்கெட்டு, ஒரே வாய்க்கால் தண்ணி. அங்க நல்லா இருக்கு, இங்க போச்சு. அதுக்கும் ஒண்ணும் புரியல. எங்க வீட்டுல வந்து உக்காந்து இவர்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. கஞ்சி சூடா இருந்துச்சா? ஆறிப்போச்சுங்க. மருந்து பட்ட சாக்கா? புதுச் சாக்குங்க. வெயில்ல வச்சீங்களா? இல்லீங்க. வயசுல மூத்த மனுசன், பரிச்சையில தோத்த பையனாட்டம் நின்னுக்கிட்டுப் பதில் சொன்னாரு.

அப்பத்தான் என் பக்கம் திரும்புனாரு. "நான் இல்லாதப்ப அந்த வெதையை யாராவது தொட்டாங்களா ஞானம்?"

"யாரும் தொடலைங்க"ன்னேன்.

நெசந்தானே? வெளியாளு ஒருத்தர் எங்க பின்கட்டுக்குள்ள காலு வச்சதில்ல. நான் என்ன வெளியாளா? வீட்டுப் பொம்பளை வீட்ல இருக்குறதைக் கழுவி வைக்கிறதையெல்லாம் ஒரு பேச்சாப் பேசுவாங்களா? அதோட, அதைச் சொன்னா அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும், பூசணம் பூத்துக் கெடந்த வீடுன்னுதானே நெனைக்கும். முகூர்த்த மாசம் வேற. பேருன்னு ஒண்ணு இருக்குல்ல நமக்கு. காப்பி போடுறேன்னு எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.

இப்ப அந்த அமிர்தவல்லி. அவ வீட்லயும் வெதை பூத்துத்தான் கெடந்துச்சாம். அவளே சொல்றா. வாடை வந்துச்சுக்கா, பச்சையாக்கூட இருந்துச்சு, எனக்கு இருந்த வேலையில யாரு அதைப் போய்ப் பாத்தான்னு. பாத்தியா? திரும்பிக்கூடப் பாக்காதவ களத்துல நெல்லு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு. மூணு தண்ணி கழுவுன எனக்குப் பதரு. சாமிக்குக் கண்ணு இருக்கான்னு கேட்டுட்டு நான் கோயில் பக்கமே கொஞ்ச காலம் போவல.

எறால் குட்டை வெட்ட மிஷினு வந்தப்ப இவரு வீட்டை வுட்டு வெளிய வரல. சத்தம் கேக்கக்கூடாதுன்னு ரேடியோவைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்பவும் அதே பேச்சுதான். கஞ்சி சரியா ஆறலையோ ஞானம். பாக்கெட்டை வண்டிப் பெட்டியில வச்சு எடுத்துட்டு வந்தேனே, சூடு பட்டுச் செத்துருக்குமோ. எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிட்டேன். சாப்பிட உக்காந்தா இதுதான், எந்திரிச்சா இதுதான். எனக்கு ஒரு நாளு கோவம் வந்து கத்திட்டேன். நீங்க என்னங்க தப்புப் பண்ணீங்க, பூசணம் என்னிக்கு யாருக்கு நல்லது பண்ணியிருக்குன்னு. அவரு தட்டுலேருந்து கையை எடுத்துட்டாரு. அதுக்கப்பறம் அவரு ஊர்ல ரொம்ப நாளு இருக்கல, தெரிஞ்சவங்க மூலமா திருப்பூருக்கு வந்துட்டாரு. பனியன் கம்பெனியில வாட்ச்மேன். சேத்துல நின்ன மனுசன், ஸ்டூல்ல உக்காந்து லாரிக்குக் கேட்டைத் தொறந்து வுடுறாரு.

அவரு இல்லாத வீடு எனக்குப் பிடிக்கலம்மா. சுத்தமாப் பிடிக்கல. பொழுது சாஞ்சா மம்பட்டியைச் செவுத்துல சாத்துற சத்தம் கேக்கும், அதுக்கு இன்னமும் காது ஏங்குது. வரிசையா ஜாடி நெறைய ஊறுகா இருக்கு, எனக்கு ஒரு கவளம் எறங்கல. அந்தப் பூசணத்தை உசுரு உள்ளளவும் நான் மன்னிக்க மாட்டேன்.

இப்ப எதுக்குப் போறேன்னு கேட்டல்ல. குட்டைக்குப் போனது போக மேட்டுப்பக்கம் ஒரு துண்டு நெலம் மிச்சம் இருக்கு. மூத்தாருக்கு என்னமோ மனசு எறங்கியிருக்கு. இந்தச் சம்பாவுக்கு அதுல போடச் சொல்லு, வெளைஞ்சா அவன் திரும்பி வந்து அதை வச்சுப் பொழைச்சுக்கட்டும், இல்லன்னா அதையும் வெட்டிடுவேன்னு சொல்லியிருக்காரு. போன்ல சொன்னதும் இவரு அழுதுட்டாரு. ஆம்பளை அழுது நான் போன்ல கேட்டதில்லம்மா.

அதுலயும் அந்தப் பொடிதான் போடுவேங்குறாரு, கேளேன். ராஜகண்ணுக்கு ஆச்சே, நமக்கும் ஆவும், தப்பு என் கையிலதானேங்குறாரு. புதுப் பாக்கெட்டு வாங்கி, சூடு படக்கூடாதுன்னு ரூம்புல தண்ணிப் பானைக்கு அடியில வச்சிருக்காராம். அவருக்கு லீவு கெடைக்காது. நான்தான் வாங்கிட்டுப் போயி வெதையில கலக்கணும். "நீயே செய் ஞானம். என் கை ராசி இல்ல, உன் கைதான் சுத்தம்"னாரு. அதைக் கேட்டப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இத்தனை வருசத்துல இப்பத்தான் என் அருமை தெரிஞ்சிருக்கு அவருக்கு.

கலக்குவேன். அவரு ஆசைப்பட்டுச் சொல்றாரு, அதை மீறமாட்டேன். ஆனா இந்தத் தடவை அசட்டையா இருக்கமாட்டேன். போன தடவை பூக்குற வரைக்கும் வுட்டதுதான் கொறை, சீக்கு உள்ள போயிடுச்சு. இப்ப கலந்த கையோட கழுவிடுவேன். வீட்டு மஞ்சளையே காயவச்சு அரைச்சு வச்சுட்டேன். திருநீறும் வாங்கியாச்சு.

என்னம்மா? கழுவக்கூடாதா? யாரு சொன்னா? நீயும் அந்த ஆபீசர் பொண்ணு மாதிரியே பேசுறியே. கோவிச்சுக்காத, வயசுல பெரியவ சொல்றேன். நீ புத்தகத்துல படிச்சிருப்ப, நான் ஜாடியில பாத்தவ. பூசணத்தைப் பூக்கவுடுன்னு எந்தத் தாயாச்சும் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பாளா?

அவரு நம்பரா? எதுக்கு? அவருக்குச் சொல்லப் போறியா? வேணாம்மா, வேணாம். ஏற்கெனவே ஒடைஞ்சு கெடக்குறாரு. அவருக்குத் தெரியாம நான் பாத்துக்குறேன், அதெல்லாம் நான் பாத்துக்குவேன்.

அந்தா, காங்கேயம் வந்துடுச்சு. உன் பையை எடுத்துக்க. ஏன் அப்படியே நிக்கிற, கண்டக்டர் சத்தம் போடுறாரு பாரு. இரு, இந்தக் கூடையில சின்ன பாட்டில்ல கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன், இதைக் கொண்டு போ. பயப்படாம வச்சுச் சாப்பிடு, ஒரு வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது. என் கை பட்டதுல இது வரைக்கும் பூசணம் பூத்ததே இல்லம்மா.